கொம்பும் வாலும்: வீடியோ கேம் தொடர்களில் கற்பனை இனங்கள் உருமாறும் விதம்

2009 நவம்பரில் வெளியான ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ என்ற வீடியோ கேமில் ஸ்டென் என்றொரு வீரன் வருகிறான். குனாரி என்னும் இனத்தைச் சேர்ந்தவன். வெண்ணிற முடி, அகன்ற தோள், கூட இருப்பவர்களைவிட உயர்ந்த உருவம். இவற்றை விட்டுப் பார்த்தால் அவன் ஒரு பெரிய மனிதன்தான். 2011 மார்ச்சில் தொடரின் இரண்டாம் பாகம் வந்தது. அதில் வரும் குனாரிகளின் தலையில் பின்னோக்கி வளைந்த பெருங்கொம்புகள் இருந்தன. இரண்டாம் பாகத்தின் கதையோ முதல் பாகம் நடந்துகொண்டிருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அந்த உலகின் நாட்காட்டிப்படி, ஓர் இனம் முழுவதற்கும் கொம்பு முளைக்க அவகாசமே இல்லை.

இப்படிப்பட்ட மாற்றங்கள் ஏறக்குறைய எல்லாப் பெரிய கேம் தொடர்களிலும் உண்டு. பூனை மனிதர்களின் கால் மடங்கும் விதம் மாறுகிறது. நீர்வாழ் இனமொன்று பறவைகளாகத் திரும்பி வருகிறது. கூன் விழுந்து திரிந்தவர்கள் நிமிர்ந்த நெடிய உருவத்தோடு நிற்கிறார்கள். ரசிகர்கள் இவற்றைப் பெரும்பாலும் முரண்பாடுகளாகப் பட்டியலிடுவார்கள். தயாரிப்பாளர்கள் மேம்பாடு என்று விளம்பரம் செய்வார்கள். உருமாற்றம் எங்கே தொடங்குகிறது, அதற்கான காரணம் எப்போது எழுதப்படுகிறது என்ற கேள்விகளுக்கு இந்த இரண்டு பேச்சிலும் விடை கிடைக்காது. தொடர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு தெரிகிறது. பெரும்பாலும் உடல் முதலில் மாறுகிறது. மாற்றுவது கணினியின் எல்லையோ, வேலைச் செலவோ, புதிய ஓவியரின் கையோ ஆக இருக்கலாம். கதை பின்னால் வந்து அந்த மாற்றத்துக்குக் காரணம் சொல்கிறது. அப்படிப் பின்னால் எழுதப்படும் காரணம்தான் சில சமயம் அந்த இனத்தைப் பற்றிய மிக அழகான கற்பனையாக அமைந்துவிடுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தலைக்கவசத்தின் ஆட்சி

குனாரிகளுக்குக் கொம்பு வைக்கும் எண்ணம் தொடரைத் தயாரித்த பயோவேர் நிறுவனத்தாரிடம் தொடக்கத்திலேயே இருந்தது. முதல் பாகத்தில் அது கைவிடப்பட்டதற்குத் தொழில்நுட்பச் சிக்கலே காரணம் என்று தொடரின் தலைமை எழுத்தாளராக இருந்த டேவிட் கெய்டர் பின்னர் விளக்கியிருக்கிறார். சிக்கல் தலைக்கவசத்தில் இருந்தது.

முப்பரிமாண கேமில் ஒரு கதாபாத்திரத்தின் உடலும் அதன் உடையும் தனித்தனி வார்ப்புகள். இரண்டும் ஒரே எலும்புச் சட்டகத்தின் மேல் பொருத்தப்பட்டு ஒன்றாக அசைகின்றன. ‘ஆரிஜின்ஸ்’ போன்ற கேமில் ஆட்டக்காரர் வழியில் கண்டெடுக்கும் எந்தத் தலைக்கவசத்தையும் தன் குழுவிலுள்ள எவருக்கும் மாட்டலாம். மனிதத் தலைக்கு வார்த்த கவசத்தைக் கொம்புள்ள தலையில் வைத்தால் கொம்பு இரும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். தவிர்க்க வேண்டுமானால் கேமில் உள்ள ஒவ்வொரு தலைக்கவசத்தையும் குனாரிகளுக்கென மறுபடி வார்க்க வேண்டும். குழுவில் சேரும் ஒரே ஒரு குனாரிக்காக அத்தனை வேலை. அதைவிடக் கொம்பை எடுத்துவிடுவது எளிது.

இரண்டாம் பாகத்தில் கொம்பு எப்படிச் சாத்தியமானது என்பதற்கான விடை அந்த கேமின் அமைப்பிலேயே கிடக்கிறது. அதில் குனாரி எவரும் ஆட்டக்காரரின் குழுவில் சேருவதில்லை. அரிஷோக் என்ற பட்டமுடைய அவர்கள் தலைவனும் அவன் வீரர்களும் வெளியே நின்று பேசுகிறார்கள், போரிடுகிறார்கள். ஆட்டக்காரர் அவர்களுக்கு எதையும் அணிவிக்க முடியாது. தலைக்கவசம் என்ற கேள்வி எழாத இடத்தில் ஓவியர்களின் பழைய விருப்பம் நிறைவேறியது.

2014இல் வந்த மூன்றாம் பாகமான ‘இன்க்விசிஷன்’ விஷயத்தை இன்னும் கடினமாக்கியது. அதில் ஆட்டக்காரரே குனாரியாகப் பிறக்கலாம். கொம்பை இனி எடுக்கவும் முடியாது, தலைக்கவசத்தை மாட்டவும் முடியாது. வடிவமைப்பாளர்கள் கண்ட வழி ‘விட்டார்’ என்ற முகச்சாயம். தலைக்கவசத்துக்குரிய இடத்தில் குனாரிகள் இந்தப் போர்ச்சாயத்தைப் பூசிக்கொள்கிறார்கள். கவசம் தரும் பாதுகாப்பை அது தருகிறது. வார்ப்புச் சிக்கல் ஒன்றுக்கு ஒரு பண்பாட்டு வழக்கம் தீர்வாகியிருக்கிறது. முகத்தில் சிவந்த கோடுகளோடு களத்துக்கு வரும் குனாரியைப் பார்க்கும் எவருக்கும் அது அந்த மக்களின் தொன்மையான சடங்கு போலத்தான் தோன்றும். பார்ப்பவர் மனத்தில் அப்படித் தோன்றும்படி செய்ததில்தான் அந்த வடிவமைப்பின் வெற்றி இருக்கிறது.

ஸ்டென்னுக்குக் கொம்பில்லாததை எப்படிச் சமாளிப்பது? முதல் பாகத்தை ஆடியவர்கள் அவனை மறக்கவில்லை. அவன் பிறவியிலேயே கொம்பில்லாதவன் என்று கதை சொன்னது. குனாரிகளிடையே கொம்பின்றிப் பிறப்பது அபூர்வம். அப்படிப் பிறப்பவர்கள் தனிச்சிறப்பு உடையவர்களாகக் கருதப்பட்டு முக்கியப் பணிகளுக்கு அனுப்பப்படுவார்கள் என்பது விளக்கம். இத்தோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் ஒட்டுப்போடும் வேலை. ஆனால் பின்னர் வந்த காமிக்ஸ் கதையில் ஸ்டென்னே குனாரிப் படையின் தலைவனாக, அரிஷோக்காக, கொம்பற்ற தலையோடு வருகிறான். விடுபட்டுப்போன ஓர் உறுப்பு, தலைமைக்கு உரியவன் என்று காட்டும் அடையாளமாக ஆகிவிட்டது.

பூனை மனிதர்களின் கால்

பெதெஸ்டா நிறுவனத்தின் ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ தொடரில் காஜீட் என்ற இனம் முதல் கேமிலிருந்தே இருக்கிறது. ஒவ்வொரு பாகத்திலும் அதன் உடல் வேறு. 1994இல் வந்த ‘அரீனா’வில் காஜீட்கள் ஏறக்குறைய மனிதர்கள்; முகத்தில் சில கோடுகளைத் தவிரப் பூனைக்கான அடையாளம் குறைவு. 1996இல் ‘டாகர்ஃபால்’ அவர்களுக்கு வால் கொடுத்தது. 2002இல் ‘மாரோவிண்ட்’ முழுமையான பூனை மனிதர்களைக் கொண்டுவந்தது. உடலெங்கும் ரோமம், பூனை முகம், நீண்ட வால். எல்லாவற்றுக்கும் மேலாக, விலங்குகளைப் போல விரல்களில் ஊன்றி, கணுக்கால் உயர்ந்து, பின்னோக்கி மடங்கியது போலத் தெரியும் கால்கள். அவர்கள் ஓடுவதே வேறு மாதிரி இருந்தது.

அந்தக் காலுக்கு ஒரு விலை இருந்தது. மனிதப் பாதத்துக்கு வார்த்த காலணிகள் அதில் பொருந்தாது. ஆகவே ‘மாரோவிண்ட்’டில் காஜீட்களும், பல்லி மனிதர்களான ஆர்கோனியன்களும் காலணி அணிய முடியாது, முகத்தை மூடும் தலைக்கவசமும் போட முடியாது. ஆட்டக்காரர் இந்த இனங்களைத் தேர்ந்தெடுத்தால் கவசத்தின் பாதுகாப்பில் ஒரு பகுதியை கேம் முடியும்வரை இழக்கிறார். கெய்டரின் குழுவை வாட்டிய அதே கேள்விதான் இங்கும்; பதில் மட்டும் நேர் எதிரானது. டிராகன் ஏஜ் குழு உடலை வெட்டி உடையைக் காப்பாற்றியது. மாரோவிண்ட் குழு உடையை விட்டுக்கொடுத்து உடலைக் காப்பாற்றியது.

என் கணிப்பில் இரண்டாவது தேர்வே துணிச்சலானது. அதன் விளைவு விளையாட்டு விதியோடு நிற்கவில்லை. ‘மாரோவிண்ட்’டின் கதைநிலமான தீவில் அடிமை முறை இருக்கிறது, அடிமைகளில் மிகப் பெரும்பாலோர் காஜீட்களும் ஆர்கோனியன்களும்தான். ஆட்டக்காரர் தன் காஜீட்டுக்குச் செருப்புகூடக் கிடைக்காமல் அந்தத் தீவில் நடக்கும்போது, இந்த நாட்டின் பொருள்கள் எவையும் தன் உடலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை இல்லை என்பதை ஒவ்வொரு கடையிலும் உணர்கிறார். எழுத்தாளர்கள் இதைத் திட்டமிட்டார்களா என்பது வேறு கேள்வி. கேமை ஆடுபவருக்கு அந்த அனுபவம் கிடைக்கிறது.

2006இல் வந்த ‘ஒப்லிவியன்’ இந்தத் துணிச்சலைத் தொடரவில்லை. காஜீட்கள் மனிதக் கால்களைப் பெற்றார்கள், எல்லாக் காலணிகளையும் போட்டார்கள். கழுத்துக்குக் கீழே ரோமத்தையும் வாலையும் நீக்கினால் மனித உடல்தான். நடையும் ஓட்டமும் மற்ற இனங்களுடையதே. 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ முகங்களை மிக நுணுக்கமாகச் செதுக்கியது, தலைக்கவசங்களைப் பூனைத் தலைக்கும் பல்லித் தலைக்கும் ஏற்பத் தனியாக வார்த்தது. கால்களை அப்படியே விட்டுவிட்டது. காட்சியின் தரம் பாகத்துக்குப் பாகம் உயர்ந்தபோதும் உடல்களுக்கிடையிலான வேறுபாடு சுருங்கியது. தொழில்நுட்பம் வளர வளரக் கற்பனை உயிர்கள் மேலும் விநோதமாகும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆனால் நுணுக்கம் கூடக் கூட ஒவ்வொரு விதிவிலக்கின் செலவும் கூடுகிறது; எனவே பொதுச் சட்டகத்துக்குள் எல்லாரையும் கொண்டுவரும் அழுத்தமும் கூடுகிறது.

இரண்டு நிலவுகள் சொன்ன காரணம்

மனிதனைப் போன்ற காஜீட், வாலுள்ள காஜீட், விலங்குக் கால் காஜீட், மனிதக் கால் காஜீட். இத்தனை உருவங்களையும் ஒரே இனம் என்று எப்படி ஏற்பது? தொடரின் எழுத்தாளர்கள் வானத்தைக் காட்டினார்கள். அந்த உலகுக்கு இரண்டு நிலவுகள். ஒரு காஜீட் பிறக்கும் நேரத்தில் அவ்விரண்டு நிலவுகளும் எந்தப் பிறையில் இருக்கின்றனவோ அதைப் பொறுத்து அதன் உடல் அமையும். ஒரே தாய்க்குப் பிறந்த இரு பிள்ளைகள் முற்றிலும் வேறு உருவங்களாக வளரலாம்.

இந்த ஏற்பாட்டில் முதல் கேமின் மனித உருவினர் ‘ஓம்ஸ்’ என்ற வகையானார்கள். அவர்கள் எல்ஃப்களைப் போலத் தெரிவதால், தம்மைப் பிரித்துக் காட்ட முகத்தில் பச்சை குத்திக்கொள்கிறார்கள் என்று சொல்லப்பட்டது. 1994ஆம் ஆண்டின் முகக்கோடுகளுக்கு இப்படி ஒரு காரணம் கிடைத்தது. ‘டாகர்ஃபால்’ கேமின் வாலுள்ளவர்கள் ‘ஓம்ஸ்-ராட்’, ‘மாரோவிண்ட்’டின் விலங்குக் காலர்கள் ‘சுதே-ராட்’ என்று வகைப்பட்டார்கள். எந்தப் பழைய ஓவியமும் பிழையாகவில்லை.

முரண்பாட்டை மூடுவதோடு இந்தக் கற்பனை ஓய்ந்துவிடவில்லை. இரண்டு நிலவுகளின் பிறைகளைக் கூட்டிப் பார்த்தால் இதுவரை எந்த கேமிலும் காட்டப்படாத வகைகளுக்கும் இடம் இருந்தது. வீட்டுப் பூனை அளவே உள்ள ‘ஆல்ஃபிக்’, ஏறிச் சவாரி செய்யும் அளவுக்குப் பெரிய ‘செஞ்சே-ராட்’ ஆகியவை முதலில் குறிப்புகளில் மட்டும் வாழ்ந்தன. 2019இல் ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ கேமுக்கு வந்த ‘எல்ஸ்வெயர்’ விரிவாக்கம் அவற்றைக் கண்முன் நடக்கவிட்டது. பழைய கேம்களின் வேறுபாடுகளுக்குச் சமாதானம் சொல்லப் பிறந்த கருத்து, ஓவியர்களுக்குப் புதிய உடல்களை வரையும் உரிமையைக் கொடுத்தது. பின்னெழுதிய காரணம் நல்லதா என்பதற்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: அது கேள்வியை அடைத்துவிட்டுப் போகிறதா, புதிய உயிர்களுக்கு வழி திறக்கிறதா?

அந்த அளவுகோலை மற்றத் தொடர்களிலும் வைத்துப் பார்க்கலாம். 2003இல் வந்த ‘வார்கிராஃப்ட் 3: தி ஃப்ரோஸன் த்ரோன்’ விரிவாக்கத்தில் ட்ரெனாய்கள் கூனிய உடலோடு, சிதைந்த உலகில் ஒளிந்து வாழும் மக்கள். 2007இல் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டுக்கு வந்த ‘தி பர்னிங் குருசேட்’ விரிவாக்கம் அதே பெயரில் நீலத் தோலும் குளம்புகளும் வாலும் கொண்ட நெடிய மக்களைக் கொண்டுவந்தது. புதிய கதை பழைய வரலாற்றோடு மோதியது. கதைக்குப் பொறுப்பாளரான கிறிஸ் மெட்ஸன், தாமே முன்பு எழுதியதைக் கவனிக்கத் தவறியதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கூனிய ட்ரெனாய்களுக்குத் தரப்பட்ட விளக்கம் மனத்தைத் தொடுவது. அவர்களும் ஒருகாலத்தில் நிமிர்ந்தவர்களே. ஓர்க் இனத்தாரின் படையெடுப்பிலும் தீய மாயசக்தியின் நஞ்சிலும் உடல் சிதைந்தவர்கள். ‘உடைந்தோர்’ என்று அழைக்கப்பட்டு, சொந்த இனத்தாராலேயே ஒதுக்கப்பட்டவர்கள். பழைய ஓவியத்தின் கூன், இப்போது ஒரு பேரழிவின் வடுவாகப் படிக்கப்படுகிறது. 2003இல் கேமை ஆடியவர் திரும்பிச் சென்று பார்த்தால் அதே உருவங்கள் வேறு பொருளோடு நிற்கும்.

‘தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா’ தொடரின் ஸோராக்கள் இன்னொரு வகை. 1986இல் அவை நீரிலிருந்து தலைநீட்டித் தாக்கும் பகை உயிர்கள். 1998இல் ‘ஒக்கரினா ஆஃப் டைம்’ அவர்களை அரசும் இளவரசியும் உள்ள நேர்த்தியான நீர்வாழ் மக்களாக்கியது. ஆற்று ஸோரா வேறு, கடல் ஸோரா வேறு என்ற பிரிவினை பின்னால் வந்தது. 2002இல் ‘தி விண்ட் வேக்கர்’ உலகையே வெள்ளத்தில் மூழ்கடித்து, ஸோராக்களின் சந்ததியினர் ரிட்டோ என்ற சிறகுள்ள மக்களாகிவிட்டார்கள் என்றது. நீர்வாழ் இனம் நீரே சூழ்ந்த உலகில் ஏன் பறவையானது என்பது அந்த கேமின் துயரத்தோடு சேர்ந்த புதிர். 2017இல் ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ ஸோராக்களையும் ரிட்டோக்களையும் ஒரே நிலத்தில் அக்கம்பக்கமாக வாழவைத்தது. காட்சியாக அது செழிப்பானது. ஆனால் பரிணாமம் என்ற கற்பனைக்கு இருந்த கூர்மை அதில் மழுங்கிவிட்டது.

காரணத்தோடு பிறக்கும் மாற்றம், காரணமே சொல்லாத மாற்றம்

போக்கிமான் தொடரில் முறை தலைகீழானது. 2016இல் வந்த ‘சன்’, ‘மூன்’ கேம்கள் பழைய போக்கிமான்களுக்கு அலோலா தீவுகளின் வடிவங்களைத் தந்தன. 1996 முதல் இருந்துவந்த எக்ஸிகியூட்டர் என்ற தென்னை போன்ற உயிர் 2 மீட்டர் உயரம். அலோலாவில் அது 10.9 மீட்டர். ஆண்டு முழுதும் அடிக்கும் வெயிலில் வளர்ந்ததால் இந்த உயரம் என்று கேம் சொல்கிறது. அதுவே எக்ஸிகியூட்டரின் உண்மையான உருவம் என்று அத்தீவினர் பெருமைப்படுவதாகவும் சேர்த்துச் சொல்கிறது. 2019இல் ‘ஸ்வோர்ட்’, ‘ஷீல்டு’ கேம்கள் தொழிற்சாலைகள் நிறைந்த காலர் நிலத்துக்கு ஏற்ப, நச்சுப்புகைப் போக்கிமானான வீஸிங்கின் தலைகளில் புகைபோக்கிகளை வைத்தன. பவளப் போக்கிமானான கோர்சோலாவை உயிரிழந்து வெளுத்த ஆவியாகக் காட்டின. இங்கே கதையும் உருவமும் ஒன்றாகவே திட்டமிடப்பட்டவை. நிலம் மாறினால் உயிர் மாறும் என்ற எளிய உண்மையைச் சிறுவர்கள் கையில் கொடுக்கும் அருமையான வழி இது.

அதே தொடரின் முகமான பிகாச்சு சத்தமில்லாமல் மாறியது. அட்சுகோ நிஷிடா உருவாக்கிய அந்த உயிர் 1996இல் உருண்டு திரண்டிருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கழுத்தும் இடுப்பும் தெரியும்படி மெலிந்தது. கேமுக்குள் இருக்கும் பதிவில் அதன் உயரம் 0.4 மீட்டர், எடை 6 கிலோ என்பது மாறவே இல்லை. அதற்குக் கதை எதுவும் காரணம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. ஓவியரின் கோடு காலத்தோடு நகர்வது அது.

ஜின்க்ஸ் என்ற போக்கிமானின் மாற்றம் வேறு வகை. கரிய முகமும் பெரிய உதடுகளும் கொண்ட அதன் முதல் உருவம், கறுப்பின மக்களை இழிவுபடுத்திய பழைய அமெரிக்க மேடை வேடங்களை நினைவூட்டுவதாக எழுத்தாளர் கரோல் பாஸ்டன் வெதர்ஃபோர்ட் கண்டித்தார். பின்னர் முகம் ஊதா நிறமானது. இதற்கும் கேமுக்குள் விளக்கம் இல்லை, இருக்கவும் கூடாது. வெளியுலகில் ஒருவரைப் புண்படுத்தியதைக் கற்பனை வரலாறு ஒன்றை எழுதி மறைப்பது நேர்மையாகாது. திருத்துவதே போதும்.

மாறாத உயிரும் ஒன்று உண்டு. 1986இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ கேமுக்காக அதை வடிவமைத்த யூஜி ஹோரி தந்த மாதிரியில் ஸ்லைம் என்ற அந்த உயிர் ஒரு குழைந்த குவியல். ஓவியர் அகிரா டோரியாமா அதை நீர்த்துளி வடிவாக்கிப் புன்னகை வைத்தார். ஃபேமிகாம் என்ற விளையாட்டுக் கருவியின் சில நிறங்களிலும் சில புள்ளிகளிலும் அந்த வெளிக்கோடு தெளிவாக நின்றது. 2004இல் எட்டாம் பாகம் முழு முப்பரிமாணத்துக்கு வந்தபோதும் அப்படியே நின்றது. மாறுதல் வேண்டிய இடங்களில் ஸ்லைமின் உறவினர்கள் வந்தார்கள். முதல் கேமிலேயே அதே ஓவியம் சிவப்பு ஸ்லைமாகவும் உலோக ஸ்லைமாகவும் வந்தது. 1990இல் நான்காம் பாகத்தில் பல ஸ்லைம்கள் ஒன்றாகி அரச ஸ்லைம் ஆயின. எந்தக் கருவியும் சிதைக்க முடியாத அளவு எளிமையாக வரையப்பட்டதால் அதற்கு எந்தக் காலத்திலும் சமாதானக் கதை தேவைப்படவில்லை.

பழைய உடல்களைக் காப்பது

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கற்பனை இனத்தின் அடுத்தடுத்த உடல்கள் அவற்றைச் செய்தவர்களின் உழைப்பு ஆவணங்கள் என்பது விளங்கும். காலணி போட முடியாத காஜீட்டைப் பார்த்தால் 2002இல் ஒரு குழு எதற்கு முதலிடம் கொடுத்தது என்று தெரிகிறது. கொம்பில்லாத ஸ்டென்னைப் பார்த்தால் 2009இல் எந்த வேலைக்கு நேரமும் பணமும் இல்லாமல் போயின என்று தெரிகிறது. கடைசிப் பாகத்தின் உருவமே சரியானது, முந்தையவை அதற்கான முயற்சிகள் என்று கருதினால் இந்த அறிவு முழுவதையும் இழப்போம்.

இழப்பு நடந்துகொண்டும் இருக்கிறது. 2020 ஜனவரியில் ‘வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்டு’ வந்தபோது, பழைய கேமை வாங்கியிருந்தவர்களின் இணைய ஆட்டத்திலும் புதிய மென்பொருளே அதன் இடத்தைப் பிடித்தது. பழைய தோற்றத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளே இருந்தது என்றாலும், 2002இல் வெளியான கேம் அது வந்தபடியே அவர்களிடம் இருக்கவில்லை. புதுப்பிப்பும் மறுஆக்கமும் பெருகும் இக்காலத்தில் முந்தைய உருவம் தானாகவே கிடைக்கும் என்று நம்ப முடியாது. நிறுவனங்கள் புதுப்பித்ததை விற்கும்போது பழையதையும் தொடாமல் விற்பனையில் வைக்க வேண்டும். கைவிடப்பட்ட கொம்பின் வரைபடம், ஒதுக்கப்பட்ட கால்களின் மாதிரி, ஏன் ஒதுக்கினோம் என்ற குறிப்பு ஆகியவற்றை ஆவணக் காப்பகங்களுக்குத் தர வேண்டும். வடிவமைத்த ஓவியர்களின் பெயர்கள் அவற்றோடு இருக்க வேண்டும்.

ஆடுபவர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த பாகத்தில் பழகிய உயிர் வேறு உடலோடு வந்து நிற்கும்போது, சரியா தவறா என்ற தீர்ப்புக்கு முன், அது இப்போது எதை அணிய முடிகிறது, எப்படி நடக்கிறது, யாரோடு நிற்கிறது என்று கவனிக்கலாம். மாற்றத்தின் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டு கதை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை வைத்தே அந்தத் தொடரின் தரத்தை மதிப்பிட வேண்டும்.